வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே

வேலை மாற்றலாகி ஊர் மாறுகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் விசாரிப்பது, பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் எது என்பதைத்தான். தண்ணீர் வருமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டிலும் ஒருமுறை அந்த விசாரணை நடந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊர் ஊராகப் போய் எல்லோரையும் கேட்டார்கள். படிக்கப் போகிற என்னை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சறுக்குமரம் இருக்கிற பள்ளிக்கூடம் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூடலூர்ப் பக்கம் ஓவேலியில், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா பரீட்சை எழுதி, வெலிங்டன் கன்டோன்மெண்டில் சமையற்கூட வேலை ஒன்றை வாங்கிவிட்டாள். சர்க்கார் வேலை. லைனில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான், நடக்கிற நாட்களில். கூடலூரிலிருந்து டீச்சர் வருகிற பஸ் வர வேண்டும். மழை ஓய வேண்டும். வழியில் யானை நிற்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே நாளில் கூடிவருவது கல்யாணப் பொருத்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். யானை பயத்தால் தினமும் அப்பாதான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், திரும்பக் கூட்டிவருவார். அதற்காகவே ஃபேக்டரியில் ஷிஃப்டை மாற்றி வாங்கியிருந்தார். அந்தக் கையில் எப்போதும் தேயிலைத் தூள் வாசனை இருக்கும். தனியாக நடந்து நான் தண்ணிக் குழாய் வரைக்கும்கூடப் போனது கிடையாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா எங்களோடு வரப் போவதில்லை. நடமாட்டம் குறைந்துபோன தாத்தா ஓவேலியை விட்டு அசைய மாட்டேன் என்றுவிட்டார். குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் லைன் வீடு நிலைக்கும். ஆகவே அப்பாவும் தாத்தாவும் அங்கே, அம்மாவும் நானும் இங்கே என்று முடிவாகியிருந்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தால் நான் ஆர்ப்பாட்டம் செய்வேன் என்று, “அப்பா ஃபேக்டரியில லீவு சொல்லிட்டு வருவாரு” என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவ்வளவு ஒற்றுமையாக எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும், அம்மா வீடு திரும்ப ஆறு மணியாகும். பள்ளியிலிருந்து நான் தனியாக வீடு வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேரக்கூடிய ஒரு இடம் கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று வீட்டில் எல்லோர் முகத்திலும் கவலை இருந்தது.

அப்போதுதான் மாமா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பி. ஊட்டிப் பக்கத்திலிருந்து பிக்கப் வண்டியில் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு கூடலூர் மார்க்கெட்டுக்கும், குன்னூரில் இருக்கிற பள்ளிக்கூட ஹாஸ்டல்களுக்கும் போடுகிறவர். நீலகிரியில் அவருக்குத் தெரியாத பள்ளிக்கூடம் கிடையாது. முழுசாகப் படித்த பள்ளிக்கூடம்தான் கிடையாது. எல்லாவற்றையும் பின்கேட்டு வழியாகவே பார்த்திருந்தார்.

மே மாதத்தில் ஒருநாள் விடிவதற்கு முன்பே அவருடைய காலி வண்டியில் கிளம்பினோம். முன்சீட்டில் மூன்று பேர், அப்பா மடியில் நான். அந்த நாளை நான் பாதித் தூக்கத்தில்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கண்ணை விழித்தால் நடுவட்டத்துத் தேயிலை, மறுபடி விழித்தால் பைக்காராப் பக்கத்துப் பைன் மரங்கள். ஒருமுறை விழித்தபோது வெளியே எதுவுமே இல்லை, வெறும் வெள்ளை. வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியவில்லை. செத்துப்போய்விட்டோமா என்று அப்பாவைக் கேட்டேன். “இல்ல பாப்பா, ஊட்டி வந்துருச்சு” என்றார்.

முதலில் குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு வீடு. அதற்கு எதிர்ப்புறம் இருந்த பள்ளிக்கூடத்தைப் பற்றி மாமா உயர்வாகச் சொன்னார்.

“மச்சான், இந்த ஸ்கூல்ல முத்தின பீன்ஸ் போட்டா திருப்பி அனுப்பிருவாங்க. அப்ப பிள்ளைகள எப்படிப் பாத்துக்குவாங்கன்னு யோசிச்சுக்குங்க.”

அப்பா அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். சீசன் நேரம். ரோட்டில் வெளியூர்க் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் நின்றும் எங்களால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. “இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கம் போறதுக்குள்ள இவ காலேஜே முடிச்சிருவா” என்று அப்பா சொன்னார். அந்த வீட்டுக் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்தது வெலிங்டன் பக்கம். அம்மா வேலைக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் அம்மா முகமே மாறிவிட்டது. லீவு என்பதால் வகுப்புகள் பூட்டியிருந்தன. கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தோம். மேசைமேல் பூமி உருண்டை ஒன்று இருந்தது, சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். வெளியே சறுக்குமரம். எனக்கு சறுக்குமரம் போதுமானதாக இருந்தது. அம்மா அந்த உருண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்க மங்க, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். எங்கே போனாலும் கேட்கிற கேள்வியை அப்பா அங்கேயும் கேட்டார்.

“இங்க யானை வருமாங்க?”

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “யானைக்கு இங்க என்னங்க வேலை? காட்டெருமைதானுங்க வரும். அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போயிருமுங்க.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பாதை ஓரத்தில் இரண்டு நின்றுகொண்டிருந்தன. கறுப்பாக, காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு, எங்களையே பார்த்தன. எனக்கு அவற்றை ரொம்பப் பிடித்துவிட்டது. யானைக்கு அசையாத அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள். “நல்ல ஸ்கூலுக்குன்னுதானே இவ்வளவு தூரம் வந்தது?”

“ஸ்கூலு நல்லா இருந்தா போதுமா? போயிட்டு வரணும்ல.”

“யானையவே பாத்து வளந்தவ அவ.”

“யானை குணம் எனக்குத் தெரியும். இது குணம் தெரியாது.” என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “பக்கத்துல நானா இருக்கப் போறேன்?” என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கன்னம் நனைந்திருந்தது. அவளுக்குப் பசிக்கிறது என்று நினைத்து, என் கையிலிருந்த பன்னில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை. நான் மறுபடி தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அருவங்காடு. மாமா பட்டியலிலேயே இல்லாத இடம், ஏனென்றால் அங்கே அவர் காய்கறி போடுகிற பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. டீக்கடையில் யாரோ சொல்லி வந்திருந்தோம். மேட்டில் ஓட்டு வீடு ஒன்று, பின்பக்கத்து இரண்டு அறைகள் வாடகைக்கு. வீட்டுக்கார அம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், கணவர் அங்கிருக்கிற வெடிமருந்து ஃபேக்டரியில் இருந்து ரிட்டயரானவர்.

“வாங்க, உக்காருங்க. ஏனுங்க, ஊட்டுல எத்தன பேருங்க இருப்பீங்க?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். “ரெண்டு பேருங்க” என்றார் அப்பா.

“மூணு” என்று நான் திருத்தினேன்.

மாமா அவசரமாகத் தும்மினார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, “ஆமா, மூணு” என்றார். ஃபேக்டரியில் இத்தனை மூட்டை எண்ணுகிறவர் வீட்டு ஆளை எண்ணுவதில் கோட்டை விடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. என் தலையைத் தடவி, “அம்மிணி நல்லா கணக்குப் போடுது” என்றார்.

பள்ளிக்கூடம் தெருக்கோடியில் இருந்தது. ஓடு போட்ட பழைய கட்டடம், பூமி உருண்டை கிடையாது, சறுக்குமரமும் கிடையாது. அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாங்கள் வாசலில் நிற்கும்போதே பனி இறங்க ஆரம்பித்தது. முதலில் கொடிக்கம்பம் போனது, பிறகு கட்டடம். அம்மாவும் மாமாவும் வீட்டுக்கார அம்மா வைத்துக் கொடுப்பதாகச் சொன்ன டீயைக் குடிக்கத் திரும்பிவிட்டார்கள். அப்பா மட்டும் பனிக்காகவே வந்தவர்போல என்னோடு நின்றார்.

“பாப்பா, இந்தச் சுவத்துல கைய வை” என்றார்.

பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து கிளம்பி, தெரு நீளத்துக்கும் ஒரு கல் சுவர் போயிற்று. ஏதோ குவார்ட்டர்ஸின் பழைய காம்பவுண்டு சுவர். ஈரமாக, பாசி பிடித்து, சில்லென்று இருந்தது. “கைய எடுக்காம நட. வீடு வந்துரும். நான் பின்னாலயே வரேன்.”

நடந்தேன். என் கை எனக்குத் தெரிந்தது, அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. கல் போய்ப் பாசி வந்தது, பாசி போய்ச் சின்னச் சின்னச் செடி வந்தது. ஓரிடத்தில் சுவர் நின்றுபோய்விட்டது. பயத்தில் அப்பா என்று கூப்பிட்டேன். “மோந்து பாரு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வர்க்கி சுடுகிற வாசனை அடித்தது. எதிரே ஒரு பேக்கரி, விறகு அடுப்பில் வர்க்கி வெந்துகொண்டிருந்தது. “அந்த வாசனைப் பக்கமாப் போ. கை தானா சுவத்துல இடிக்கும்.” போனேன். இடித்தது. அதிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் பச்சைக் கேட்டு வரைக்கும் சுவர் விடாமல் வந்தது. அன்றைக்குப் போல் எனக்குப் பெருமையாக இருந்த நாள் அதற்குப் பிறகு அதிகம் இல்லை.

அப்பா மறுபடி ஒருமுறை என்னை நடக்கவிட்டார், பிறகு இன்னொரு முறை. அதற்கப்புறம் உள்ளே வந்து டீயைக் குடித்துவிட்டு, “இந்த வீடுதான்” என்றார்.

“இந்த ஸ்கூலா?” என்றாள் அம்மா.

“படிக்கிறது அவ படிச்சுக்குவா. கை புடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்குத்தான் எனக்கு ஆள் வேணும்.”

அம்மா என் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தாள். பச்சையாக, பாசி அப்பியிருந்தது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே, சரி என்று தலையசைத்தாள். தன் கருத்துக்கு மதிப்பில்லாமல் போனதில் மாமாவுக்கு மட்டும் வருத்தம். பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போய் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று ரொம்ப காலம் அப்பாவைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

ஜூன் மாதம் சாமான்களோடு வந்து இறங்கினோம். அப்பா அடுப்பைப் பொருத்தினார், கதவுத் தாழ்ப்பாளை நான் எட்டுகிற உயரத்துக்கு இறக்கி அடித்தார். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் நல்ல பனி. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அப்பா எனக்கு ஸ்வெட்டர் போட்டு, பொத்தானையெல்லாம் கழுத்து வரைக்கும் மாட்டிவிட்டார்.

“நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்.”

சுவரில் கை வைத்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். தாத்தாவை எப்போது கூட்டிவருவோம், காட்டெருமை இந்தத் தெருவுக்கும் வருமா, டீச்சர் பஸ்ஸில் வருவாரா நடந்தா. எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து “ம்” வந்தது. பேக்கரியைத் தாண்டியபின் “ம்” நின்றுபோயிற்று. வர்க்கி வாங்கித் தின்கிறார், வாய் நிறைய இருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அம்மா பிறகு ஒருநாள் சொன்னாள், பேக்கரி வரைக்கும் வந்ததே அவருக்கு அதிகமாம். இன்னும் கொஞ்ச தூரம் வந்திருந்தால் ஊருக்கு பஸ் ஏறியிருக்க மாட்டாராம்.

கேட்டைத் தொட்டதும் திரும்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளை. என்னைச் சோதிப்பதற்காக எங்கேயோ மறைந்து நிற்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கா தெரியாது அவர் விளையாட்டு. “பாத்துட்டேன், பாத்துட்டேன், வெளிய வாங்கப்பா” என்று பனியைப் பார்த்துச் சொன்னேன். கீழே மெயின் ரோட்டில் ஊட்டி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், அவர் சிரித்துக்கொண்டே வெளியே வருகிற நேரத்துக்காக, மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன்.