அம்பலவாணர் சொன்ன பொய்

சங்கக்கடையில் சீனிக்கு வரிசையில் நின்றபோதுதான் அம்பலவாணர் இறந்த செய்தி வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, "மலாயாக்காரர் விடிய மோசம் போட்டாராம், ரீச்சர்" என்றாள். நான் "அப்படியே?" என்று மட்டும் கேட்டேன். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்கு வந்தது துக்கம் அல்ல. இனி அவரை வீதியில் எதிர்கொள்ள வேண்டியதில்லை என்ற ஒரு நிம்மதி. அப்படி நினைத்ததற்காக உடனேயே கூனிக் குறுகிப்போனேன். சீனியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டார். "அப்பாவுக்கு உங்களிலை நல்ல விருப்பம்" என்றார். அவரை அறிந்த உங்களில் பலர் அவருடைய தேவாரப் பற்றையும் பொதுத்தொண்டையும் எழுதுவீர்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு எழுத இருப்பது வேறு. அதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்பலவாணர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். அங்கே ஏதோ ஒரு ஸ்டேசனில் கண்ட தீ அவரை விடவேயில்லை. கிராமசபைக்கு எங்கள் வட்டாரத்து அங்கத்தவராக வந்ததும் அவர் செய்த முதல் வேலை, சந்தையிலும் வாசிகசாலையிலும் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டது. ஒரு கிழமைக்குள் மணல் நிலத்தில் கிடந்தது, வாளிகள் மாட்டுக் கொட்டில்களில் இருந்தன. அவர் விடவில்லை. தலையில் மலாயாத் தொப்பியோடு வீடு வீடாகப் போய், மாட்டின் முன்னாலிருந்த வாளியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, "மாட்டுக்கு நெருப்புப் பிடிச்சால் சொல்லி அனுப்புங்கோ, வாளியைத் திருப்பித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

"யாழ்ப்பாணத்திலையிருந்து நெருப்பணைக்கிற இஞ்சின் வந்து சேர, சாம்பலும் ஆறிப்போம். எங்கடை இஞ்சின் எங்கடை கிணறுதான்" என்பார். கூட்டங்களில் அவர் எத்தனை முறை இதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடிசைகள் இருந்த ஒழுங்கையில் கிணறு இல்லை. எல்லோருக்கும் கிட்டிய கிணறு அம்பலவாணருக்கும் அவருடைய சிறிய தகப்பனாரின் மகன் பெரியதம்பியருக்கும் பொதுவான பங்குக்கிணறு. அதில் நீர் இறைக்கும் துலா ஒன்றும் கயிற்றுக் கப்பிகள் இரண்டும் இருந்தன. எங்களுடைய சாதியார் அந்தக் கிணற்றுக்கட்டின் மேல் ஏறக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது. கீழே குடங்களோடு நிற்போம். அந்த வீட்டார் யாராவது வந்து அள்ளி ஊற்றினால் ஏந்திக்கொண்டு போவோம். வராவிட்டால் வரும்வரை நிற்போம். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், ஏன் நின்றீர்கள் என்று கேட்கிறார்கள். அப்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான் ஆசிரிய கலாசாலையில் படித்து முடித்துவிட்டு வந்தவள். நானும் குடத்தோடு போய் அங்கேதான் நின்றேன்.

சோளகக் காற்றுப் பிடித்த ஒரு பிற்பகலில் பெரியதம்பியரின் புகையிலைக் குடிலில் தீ பற்றியது. தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போட்டுப் புகையிலையைப் பதப்படுத்தும் ஓலைக் கொட்டில் அது. காற்று பொறியை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கூரைகளில் போட்டது. எங்களுக்குக் கூரையும் பனையோலை, வேலியும் பனையோலை. நெருப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளவாக வந்தது. நாங்கள் குடங்களையும் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினோம். ஓடிப்போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றோம்.

யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தடுக்க அங்கே யாரும் இருக்கவுமில்லை. பெரியதம்பியர் வீட்டார் எல்லோரும் குடிலில் புகையிலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீடுகள் முதுகுக்குப் பின்னால் எரிய, தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்க, அள்ளி ஊற்ற ஆள் வரவில்லையே என்று அழுதுகொண்டு நாங்கள் வெறுங்குடங்களோடு நின்றோம். இதை எழுதும்போது என் முகம் சுடுகிறது.

அம்பலவாணர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அள்ளுங்கோவன்."

என் தகப்பனார் செல்லன், பெரியதம்பியரின் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர்தான் பதில் சொன்னார். "நீங்கள் ஊத்துங்கோ ஐயா. நாங்கள் ஏந்திறம்."

"இது என்ரை பங்குக் கிணறு. நான் சொல்லுறன், ஏறும் செல்லன்."

என் தகப்பனாரை "நீர்" என்று மரியாதையாகப் பேசியவர் அந்தப் பகுதியில் அவர் ஒருவர்தான். அவ்வளவு மரியாதை செய்தவருடைய சொல்லை என் அப்பு கேட்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் எங்களைத் திட்டிக்கொண்டே துலாக்கொடியைப் பிடித்தார். பென்சன் எடுத்த மனிதர், தனி ஆளாக இழுத்து இழுத்து ஊற்றினார். இழுக்கும்போதெல்லாம், "கப்பி ரண்டும் சும்மா கிடக்குது, ஆராவது ஒருதர் வாருங்கோ" என்று கத்தினார். ஒரு கப்பிக் கயிறு என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. நான் குடத்தை நீட்டி அவர் ஊற்றிய தண்ணீரை ஏந்தினேன்.

எங்கள் வீடும், பக்கத்து வீடுகளும், அந்த ஆண்டுச் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த குரக்கனும் எரிந்து போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பலவாணர் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்து இரத்தம் வந்திருந்தது.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அவர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். தீ விபத்தின்போது எந்தக் கிணற்றிலும் எவரும் அள்ளலாம் என்பதுதான் அது. ஊர் ஒத்துக்கொள்ளாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதற்கு அவர், "ஊர் ஒத்துக்கொண்டு முடிஞ்சுது. அண்டைக்கு அந்தச் சனம் எல்லாம் கட்டில ஏறி அள்ளினது. கிணறு இடிஞ்சு விழேல்லை, தண்ணி கசக்கேல்லை. நடந்ததைத்தான் எழுதச் சொல்லுறன்" என்றாராம்.

அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். ஒரு முறை உடைந்த வழக்கத்தை மறுபடி ஒட்டுவது கடினம் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் உடைக்காததை உடைத்ததாகச் சொல்லி எங்களுக்கு வழி திறக்கப் பார்த்தார். அதே சபையில் இருந்த பெரியதம்பியர் எழுந்து, அது பொய், வேண்டுமானால் அவர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார். அடுத்த கூட்டத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது.

அதற்கு முதல் நாள் மாலை, எரிந்த வளவில் எல்லோரும் கூடினோம். "ஓம், அள்ளினனாங்கள் எண்டு சொன்னால் என்ன?" என்று ஒரு பொடியன் கேட்டான். "சொல்லலாம். நாளைக்கு அவை தண்ணி ஊத்த மாட்டம் எண்டால் குடிக்க எங்கை போறது? தோட்டத்தில ஆர் வேலை தருவினம்?" என்றார் அப்பு. நடந்ததைச் சொல்லுவோம், உண்மையைச் சொல்லுவதில் என்ன பிழை என்று முடிவாயிற்று. படித்தவள் என்பதால் சபையில் பேசும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கிராமசபையில் நான் எழுந்து, "நாங்கள் கிணற்றுக்கட்டில் காலே வைக்கவில்லை. ஐயா அள்ளி ஊற்றினார், நாங்கள் ஏந்திக்கொண்டோம்" என்றேன். பெரியதம்பியர் சிரித்தார். சபையில் வேறு சிலரும் சிரித்தார்கள். அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிரேரணையை மீளப் பெறுவதாகச் சொன்னார். வெளியே வந்தபோது என்னைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"நல்ல தமிழ், பிள்ளை. ஒரு பிழை இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன்.

அதன் பிறகு ஊரில் அவருக்குப் "புளுகர்" என்று பெயர் வந்தது. அடுத்த தேர்தலில் தோற்றார். எங்கள் ஒழுங்கையிலும் எல்லா வாக்கும் அவருக்கு விழவில்லை. பெரியதம்பியர் வீட்டார் முன்போலவே அள்ளி ஊற்றினார்கள். நாங்கள் முன்போலவே ஏந்தினோம்.

சில வருடங்களுக்குப் பின் அவர் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நெருப்புப் பிடித்தால் பிள்ளைகள் எப்படி வெளியேற வேண்டும் என்று பழக்க வேண்டுமாம். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அந்த நாளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வெக்கப்படுறதை வீட்டை போய்ப் படும். இப்ப பிள்ளையளை வரிசையில விடும்." வரிசை கோணியதற்காக அன்று என்னை நன்றாகவே ஏசினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

அவருடைய செத்த வீட்டுக்குப் போனேன். இப்போது எங்கள் ஒழுங்கையிலும் சபையின் குழாய் இருக்கிறது. பங்குக்கிணற்றில் யார் அள்ளினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்தலில் பெரியதம்பியர் கதிரையில் இருந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். சுற்றி இருந்தவர்களிடம் பழைய கதைகளை எடுத்துவிட்டவர், கடைசியில் அதற்கும் வந்தார். "அண்ணை ஒரு புளுகு புளுகினார் பாருங்கோ, கிராமசபையில. உங்கை ரீச்சர் நிக்கிறா, அவவைக் கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது புளுகு இல்லை" என்றேன். "அண்டைக்கு நாங்களும் ஏறித்தான் அள்ளினனாங்கள். நான் கப்பிக் கயிறு பிடிச்சனான். சபையில நான்தான் பொய் சொன்னனான்."

ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன் போலும். பெரியதம்பியர், "அப்பிடியே? இருக்கும். இப்ப உதிலை என்ன கிடக்கு" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறு ஒருவரோடு கதைக்கத் தொடங்கினார்.

அம்பலவாணரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொய்யைத்தான். அவருடைய உபகாரங்களை நினைவில் வைக்கப் பலர் இருக்கிறார்கள். அவர் அதைச் சொன்னபோது அவருக்குப் பதவி போயிற்று, பெயர் போயிற்று. நான் அதையே சொன்னபோது எனக்கு வெற்றிலை கிடைத்தது.