பால் குடுக்கறவங்க உக்காருங்க

அந்த ஸ்டூல் பச்சை நிறம். இரும்புக் கால்கள், மேலே வட்டப் பலகை. ஒரு கால் சற்றுக் குட்டை என்பதால் உட்கார்ந்தால் ஓர் ஆட்டம் ஆடும். தர்மபுரியில் இருந்த அந்தக் குழந்தைகள் நல டாக்டரம்மாவின் அறையில், அவருடைய நாற்காலியைத் தவிர உட்கார அது ஒன்றுதான் கிடந்தது. நான் உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் அதில் உட்கார்ந்தேன். மடியில் ஃபைல், அதற்குள் மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். எங்கள் இரண்டரை மாதப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு என் மனைவி பின்னால் நின்றாள். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “பால் குடுக்கறது யாருங்க, நீங்களா?” என்றார். “இல்லீங்க, இவதான்” என்றேன், விளங்காமல். “அப்ப பால் குடுக்கறவங்க உக்காருங்க. நீங்க எந்திரிங்க” என்றார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரில் என்னைக் காட்டித்தான் சொல்வார்கள். பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூறுகிறவன் நான். தொண்டைதான் என் தொழில். விலையைக் கூவி, மூன்று எண்ணுவதற்குள் எவனும் ஏற்றிக் கேட்கவில்லையென்றால் தக்காளி கடைசியாகக் கேட்டவனுக்குப் போய்விடும். மௌனத்துக்கு அவ்வளவுதான் இடம் அங்கே. அதே வாயோடுதான் ஆஸ்பத்திரிகளுக்கும் போனேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், மனைவியும் குழந்தையும் மொரப்பூர் பக்கத்தில் மாமியார் ஊரில் இருந்தார்கள். வாரத்தில் ஒருநாள்தான் நான் போவேன். ஏழு நாளில் ஒருநாள் குழந்தையைப் பார்த்தவன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நாளும் கூடவே இருந்தவள் பின்னால் நின்றாள். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மாமியாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியதா என்று நான் கேட்டதில்லை.

குழந்தைக்கு எடை ஏறவில்லை. அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே கவலை. முதல் டாக்டர் வாயுத்தொல்லை என்று சொட்டு மருந்து எழுதினார். இரண்டாமவர் தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால் கொடுங்கள் என்றார். மூன்றாமவர் பவுடர் பாலை உடனே நிறுத்துங்கள், சில குழந்தைகள் இப்படித்தான், பயப்படாதீர்கள் என்றார். மாமியார் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். யார் சொன்னாலும் அந்த நேரத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. வீடு திரும்புவதற்குள் எல்லாம் தப்பாகப் பட்டது. கொடுப்பதா, நிறுத்துவதா, காத்திருப்பதா என்று தலை கிறுகிறுத்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்னதற்கு அவர்கள் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நாலாவதாக இவரிடம் வந்ததும் வேறு வழியில்லாமல்தான். “அந்தம்மாகிட்ட போனா அரை நாள் போயிடும்பா, ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சிக் கத கேக்கும்” என்று மண்டியில் எச்சரித்திருந்தார்கள். அன்பான டாக்டர் என்றும் சொல்ல முடியாது. எங்களுக்கு முன்னால் போன ஒருவரைக் குழந்தைக்கு மை தீட்டியதற்காக அவர் திட்டியது வெளி வராந்தா வரைக்கும் கேட்டது.

மனைவி உட்கார்ந்தாள். ஸ்டூல் ஆடியது. “சொல்லும்மா” என்றார் டாக்டரம்மா. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வெயிட்டுதாங்க...” என்று நான் ஆரம்பித்ததும், என் பக்கம் பார்க்காமலேயே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். அப்புறம் அவரும் பேசவில்லை. மூன்று எண்ணினேன். பத்து எண்ணினேன். கதவைத் திறந்து யாரோ, “நேரமாவுதுங்க” என்றார்கள். “ஆவட்டும்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

“பால் குடிக்கறப்ப நெத்தி வேர்க்குதுங்க. இந்தக் குளிர்லயும் துண்டு நனைஞ்சிடுது. ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுடறா, மூச்சு வாங்கறா, மறுபடி குடிக்கறா. எங்கம்மா, பால் குடிக்கறதும் வேலதான, வேர்க்கத்தான் செய்யும்னாங்க.”

“எப்பருந்து?”

“இருவது நாளாங்க. போன வாட்டி பஸ்ல வர்றப்பவே இவருகிட்ட சொன்னேன்.”

டாக்டரம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே பால் கொடுக்கச் சொன்னார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். குழந்தை உறிஞ்சுவதும் நிறுத்துவதும் முதுகுப் பக்கம் கேட்டது. வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. குழந்தை பசியடங்கிக் கண் சொருகியதும் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். “இதயத்துல ஒரு சத்தம் இருக்கு. ஓட்டையா இருக்கலாம், ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். இன்னிக்கே சேலம் போயிடுங்க” என்றார். கடிதத்தை மனைவியின் கையில் கொடுத்தார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அங்கயும் அவங்கள பேச விடுங்க.”

ஓட்டைதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சேலத்தில் சொன்னார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மருந்து கொடுத்துத் தேற்றி, எட்டாம் மாதத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை பிழைத்தது, வாயில்லாத பிள்ளை.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். போன மாதம் வருடாந்திரப் பரிசோதனைக்குச் சேலம் போயிருந்தோம். வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் நான் நின்றுகொண்டிருந்தேன். “உக்காருங்க, இங்க யாரும் எழுப்ப மாட்டாங்க” என்று மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்: “அன்னிக்குப் பஸ்ல நெசமாவே சொன்னியா?”

“சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘ம்’னீங்க. அப்புறம் போன் வந்துச்சு. தக்காளி வெல பேசினீங்க.”

கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். எனக்கு அந்தப் பஸ் முழுக்க ஞாபகம் இருக்கிறது. ஜன்னல் கம்பியின் துரு, குழந்தையின் ரோஸ் குல்லாய், மொரப்பூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் ஏறிய பூக்காரி, எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. கேட்டு மறந்தேனா, கேட்கவே இல்லையா? எது குறைந்த பாவம் என்றும் தெரியவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். புது டாக்டர், சின்ன வயசு. மகளை நாற்காலியில் உட்கார வைத்து, “என்ன பாப்பா, எப்பிடி இருக்க?” என்றார். அவள் உடனே என் பக்கம் கையைக் காட்டி, “அப்பா சொல்லுவாரு” என்றாள்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். மூன்று எண்ணினேன். டாக்டர் என்னைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தாள். பத்தைத் தாண்டியும் எண்ணிக்கொண்டு நின்றேன். மகள் கால்களை ஆட்டியபடி தரையைப் பார்த்துச் சொன்னாள்: “இவள ஓட விடாதீங்கன்னு அப்பா ஸ்கூல்ல சொல்லிட்டாரு. எல்லாரும் ஓடுவாங்க, நான் செருப்புக்குக் காவல் இருப்பேன். நான் ஓடலாமா டாக்டர்?”

“ஓடலாமே, தாராளமா ஓடலாம். யாரு வேணாம்னது?” என்றார் டாக்டர்.

நல்ல கனமான நாற்காலி அது, அவள் துள்ளி இறங்கியபோதும் ஆடவில்லை. நின்றுகொண்டிருந்த எனக்குத்தான் ஒரு கால் குட்டையாகிவிட்டது போல இருந்தது.