சின்னத் துண்டுகள்

கடையில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. படித்து வாங்கிய பட்டமில்லை, கூட வேலை செய்கிறவர்கள் சூட்டியது. தலையில் வலைத்தொப்பி, வாயில் முகமூடி, கையில் உறை, எதிரே எவர்சில்வர் மேசை, மேசைமேல் வயிறு பிளந்த ஒரு முலாம்பழம். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? "டாக்டரம்மா, பேஷண்ட் பிழைப்பாரா?" என்று பெட்டி தூக்குகிறவர் கேட்பார். "பாதி பிழைக்கும்" என்பாள் அவள். பாதி அழுகிய பழத்தில் நல்ல பாதியை வெட்டி எடுத்துத் தருவதுதான் அவளுடைய உத்தியோகம்.

பெரிய கடை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, அடுக்கடுக்காகப் பழ டப்பாக்கள். பின்பக்கம், இரும்புக் கதவைத் தாண்டினால், ஜன்னலே இல்லாத ஓர் அறை. அந்த அறையில் நின்றபடி அவள் பழம் வெட்டத் தொடங்கி ஒரு மாமாங்கம் ஆகிறது. காலில் நரம்பு முடிச்சு விழுந்தது அங்கேதான். பெண் பார்க்க வந்தவர்கள் வந்து வந்து நின்றுபோனதும் அந்த வருடங்களில்தான். அம்மா போன பிறகு வீட்டில் அப்பா, தம்பி, தம்பி மனைவி, இவள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் மாதம் தவறாமல் வந்துவிடும்.

அந்தப் பின்னறையில் இன்னொரு வேலையும் உண்டு. முதல் நாள் விற்காத டப்பாக்கள் மறுநாள் அங்கேயே திரும்பி வரும். மூடியைத் திறந்து, ஊறியிருக்கும் தண்ணீரை வடித்து, ஒவ்வொரு துண்டிலும் கொழகொழத்துப்போன ஓரங்களைச் சீவி எறிந்து, எலுமிச்சைச் சாற்றில் ஒரு முக்கு முக்கி, புது டப்பாவில் போட்டுப் புதுத் தேதி ஒட்ட வேண்டும். சூப்பர்வைசர் இதை 'ரீபேக்' என்பார். பின்னறையில் இதற்கு 'மறுபிறவி' என்று பெயர். ஓரம் சீவிச் சீவி மறுபிறவித் துண்டுகள் சின்னதாகிவிடும். புதிதாக வெட்டியது கட்டைவிரல் பருமன் இருக்குமென்றால், இது சுண்டுவிரல் நுனி அளவுதான். விஷயம் தெரிந்த நாலைந்து பேரும் அந்த டப்பாவைத் தங்கள் வீட்டுக்கு வாங்கிப்போக மாட்டார்கள்.

வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை. என்னவென்று சொல்வது? சோறு போடுகிற வேலை. ஊரே வாங்கிச் சாப்பிடுகிறது, யாரும் செத்துப்போய்விடவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இந்தச் சமாதானம் சொல்லிக்கொள்கிற சாமர்த்தியத்தில் பாதி வேறு எதிலாவது மனிதர்களுக்கு இருந்திருந்தால் உலகம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ரத்தத்தில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றி ஏற்றி ஆள் உரித்த கோழிபோல் ஆகிவிட்டார். முடி போயிற்று, ருசி போயிற்று, கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எதையும் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும், பச்சையாக ஒன்றும் ஆகாது என்று மருத்துவமனையில் கண்டிப்பு. "எல்லாத்தையும் வேகவச்சு வேகவச்சு என் நாக்கையும் சேர்த்து வேகவச்சுட்டீங்க" என்று தட்டைத் தள்ளுவார். பழக்கடைக்காரியின் அப்பாவுக்கு வருடம் முழுக்க ஒரு சுளை ஆரஞ்சு கிடையாது.

ஒருவழியாக சிகிச்சை முடிந்தது. கடைசியாகப் பார்க்கப் போன அன்று அவளும் தம்பியும் கூட இருந்தார்கள். மருத்துவர் இளம்பெண், பொறுமையாகப் பேசுகிறவள்.

"பழம் சாப்பிடலாம்யா. ஆனா வீட்டுலயே கழுவி, தோலுரிச்சு, வெட்டின கையோட சாப்பிட்டுடணும். வெளியில வெட்டி வச்ச பழம் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி இன்னும் வரல. மத்தவங்களுக்கு ஒரு நாள் வயித்து வலியோட போறது, உங்களுக்கு உயிருக்கே வந்துடும்."

"எங்க அக்கா இருக்கறப்போ வெளியில எதுக்கு டாக்டர் வாங்கறோம்?" என்றான் தம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நெருங்கிய சொந்தங்களையும் அக்கம்பக்கத்தையும் மதியத்துக்குக் கூப்பிட்டார்கள். கேக் வேண்டாம், எண்ணெயில் பொரித்தது வேண்டாம், அப்பா ஆசைப்பட்டுக் கேட்டது பழம்தான், பழ சாலட்டே செய்துவிடலாம் என்று தம்பி முடிவு செய்தான். அவள் சம்மதித்தாள். சம்மதம் என்ன, உள்ளுக்குள் துள்ளினாள். அத்தனை வருடங்களாக யார் யாருக்கோ வெட்டிய கை, முதல்முறையாகத் தன் வீட்டு ஆளுக்கு வெட்டப்போகிறது.

கடையில் ஒரு பழம்கூட வாங்கவில்லை. காலையில் மொத்தச் சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, காம்பை முகர்ந்து, அடிபடாததாகப் பொறுக்கினாள். வீட்டுக்கு வந்ததும் கத்தியையும் பலகையையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். முலாம்பழத்தின் தோலைப் பிரஷ் வைத்துத் தேய்த்தாள். "அண்ணி, அது என்ன பழமா, பாத்திரமா?" என்று தம்பி மனைவி சிரித்தாள்.

"தோல்ல இருக்கற அழுக்கு கத்தியோட உள்ள போகும்டி. வெளியில கழுவாம உள்ள வெட்டினா என்ன பிரயோஜனம்?"

முலாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, மாதுளை, ஆப்பிள். எல்லாம் நல்ல பெரிய துண்டுகள், கட்டைவிரல் பருமன். அன்னாசியின் கண்களைத் தோண்டி எடுத்தாள். ஆரஞ்சுச் சுளையில் வெள்ளை நார் ஒன்றுகூட இல்லாமல் உரித்தாள். ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சை பிழிந்தாள், சர்க்கரை சேர்க்கவில்லை. அப்பா கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கல்யாண வீட்டுச் சமையலை மேற்பார்வை பார்க்கிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் எச்சில் ஊறுவதை அவர் மறைக்கக்கூட இல்லை.

பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைந்தது. மூடி வைத்துவிட்டு, "வந்து நான் பரிமாறறேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அதற்குள் வந்தவர்கள் வந்தபடி இருந்தார்கள். பத்துப் பதினைந்து பேரை எதிர்பார்த்த இடத்தில் அதற்கு இரண்டு மடங்கு. அத்தை தன் மூன்று மருமகள்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி கிண்ணத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், வண்டியை எடுத்தான். வேறு எந்தக் கடையாக இருந்தாலும் வெட்டிய பழத்தை அவன் கையால் தொட்டிருக்க மாட்டான். அக்காவின் கடைக்குப் போனான். அக்கா வெட்டியதுதானே? எட்டு டப்பா வாங்கி வந்து கிண்ணத்தில் கொட்டிக் கலந்துவிட்டான்.

அவள் நல்ல உடை உடுத்தி, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எல்லோர் கையிலும் கப் இருந்தது. அப்பா கூடத்தின் நடுவில், சிவப்புச் சட்டையில், மடியில் துண்டை விரித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கரண்டியில் ஒரு முலாம்பழத் துண்டு. சுண்டுவிரல் நுனி அளவு.

அவள் கிண்ணத்தருகே போய்ப் பார்த்தாள். பெரிய துண்டுகளுக்கு நடுவே சின்னது சின்னதாக நாலு பக்கமும் சீவிய துண்டுகள். ஊரில் வேறு யார் சீவினாலும் அவளுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், தன் கை சீவியது தெரியாதா? சமையலறைக் கூடையில் மூடிகள் கிடந்தன. நேற்றுச் சாயங்காலம் அவளே ஒட்டிய ஸ்டிக்கர்கள்.

அந்த இடத்தில் அவள் கத்தியிருக்க வேண்டும். 'அப்பா, துப்புங்க, அது அழுகினது' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எதிர்வீட்டு டெய்லர் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் தினமும் உங்க கடையிலதான்மா வாங்கறேன். என் பேத்திக்கு அது இல்லாம இறங்காது." அத்தையின் மருமகள்கள் தலையாட்டினார்கள். அத்தனை முகங்களுக்கும் முன்னால் அவளுக்கு நாக்கு எழவில்லை. உண்மையைச் சொல்லாமல் அந்தக் கப்பை எப்படி வாங்குவது என்று மட்டும் மனசு கிடந்து அலைந்தது.

"அப்பா, போதும்பா. முதல் நாளே இவ்வளவு வேணாம், வயித்துக்கு ஆகாது."

"டாக்டரே சொல்லியாச்சு, நீ என்ன பெரிய டாக்டரம்மா!" என்றார் அப்பா. கூடம் கொல்லென்று சிரித்தது.

கப்பைப் பிடித்து இழுத்தாள். அவர் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "விடுக்கா, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று தம்பி அவள் தோளைப் பிடித்து நகர்த்தினான். அப்பா இரண்டாவது கப்பும் வாங்கினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கை தவறியதுபோல் கிண்ணத்துக்குள் தட்டிவிட்டாள். டம்ளர் உடைந்தது. "ஐயோ, கண்ணாடிச் சில்லு! யாரும் எடுக்காதீங்க!" என்று இருந்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். அப்பாவின் இரண்டாவது கப் அதற்குள் காலியாகியிருந்தது.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் மறுநாளும் அப்பா எழுந்து நடமாடினார், பேப்பர் படித்தார், இன்னொரு தரம் பழம் கேட்டார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். 'பார், ஒன்றும் ஆகவில்லை, வீணாகப் பயந்தோம்' என்று பழைய சமாதானம் மெல்லத் தலையெடுத்தது. அடுத்த நாள் மதியம் அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது.

மருத்துவமனையில் அதே இளம் மருத்துவர். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றாள். கட்டிலருகே நின்று கேட்டாள்: "வெளியில ஏதாவது சாப்பிட்டாரா? யோசிச்சுச் சொல்லுங்க, எந்த மருந்துன்னு அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

"இல்ல டாக்டர், சத்தியமா இல்ல. ஞாயித்துக்கிழமை பழம் சாப்பிட்டாரு, எல்லாம் எங்க அக்கா கையால வெட்டினது" என்றான் தம்பி.

மருத்துவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"டாக்டர்" என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திரும்பி வரும் டப்பாக்கள், வடிக்கும் தண்ணீர், சீவும் ஓரம், புதுத் தேதி. தம்பி கலந்த எட்டு டப்பா. அவள் தட்டிவிட்ட டம்ளர். சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் திட்டவில்லை. "அன்னிக்கே கூட்டிட்டு வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள்.

தம்பி சுவரில் சாய்ந்தான். "நீ வெட்டினதுன்னுதானே வாங்கினேன்?" என்றான்.

அப்பா கண்ணை மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். அவர் கையை அசைத்துத் தம்பியைக் கிட்டே கூப்பிட்டார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதேடா. இவ வேலை போயிடும்."

அவர் இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இதை எப்படித் தாங்குவது? நடைபாதைக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மருந்தை மாற்றினார்கள், இன்னும் பெரிய மருந்து கொடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் தம்பி, "காய்ச்சல்" என்றான். அத்தையிடமும், எதிர்வீட்டு டெய்லரிடமும் அதே ஒரு சொல்தான். அப்பா கேட்டதை அவன் அட்சரம் பிசகாமல் செய்தான். அவளிடம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவள் இருக்கும் அறைக்குள் வரமாட்டான், அவள் கை பட்ட தட்டில் சாப்பிடமாட்டான். தம்பி மனைவிதான் நடுவில் கிடந்து தவித்தாள்.

அவள் திரும்ப வேலைக்குப் போனாள். வலைத்தொப்பி, முகமூடி, கையுறை. திரும்பி வந்த டப்பாக்களைச் சூப்பர்வைசர் மேசைமேல் அடுக்கினார். "லீவு எடுத்ததுல நிறைய சேர்ந்துபோச்சு, சீக்கிரம் முடிங்க" என்றார். அவள் கத்தியை எடுத்தாள். கை தன் பாட்டுக்குச் சீவியது, பழகிய கையாயிற்றே. முக்கி, அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, தள்ளுவண்டியில் வைத்து முன்பக்கம் கொண்டுபோய் அடுக்கவும் செய்தாள்.

அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான பெண்மணி பக்கத்தில் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள், புருவம் இல்லை. அந்த முகவாகு அவளுக்கு நன்றாகத் தெரியும், வருடம் முழுக்க வீட்டில் பார்த்தது. பெண்மணி ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னிக்கு வெட்டினதாம்மா?"

அவள் முகமூடியைக் கீழே இறக்கினாள். "இல்லம்மா" என்றாள். "பழசு. அழுகின ஓரத்தைச் சீவி நான்தான் புதுத் தேதி ஒட்டினேன். வாங்காதீங்க." குரல் தணியவில்லை. பக்கத்தில் கூடையோடு நின்றவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கும் சொன்னாள். சூப்பர்வைசர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மதியமே வீட்டுக்கு வந்த அவளைத் தம்பி மனைவி அதிசயமாகப் பார்த்தாள். "என்ன அண்ணி, இந்த நேரத்துல?"

"வேலை போயிடுச்சு. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தம்பி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த கை நின்றது. அப்பா போனதற்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பவாக்கா?" என்றான்.