மகஜரில் ஏறிய கஷாயம்

சோதனைக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து எடுத்த முதல் காகிதத்தை நேராகப் பார்த்தார், பிறகு தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். என் கணவரின் கையெழுத்து அப்படி. தோல் பதனிடும் ஷாப்பில் பட்டை இடிக்கிறவனுக்கும் ஷாப்பு முதலாளிக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை அது. அதே விஷயத்தை முன்பு அச்சிட்டதற்காக வெள்ளைக்கார சர்க்காரின் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் மகள் பிறந்தபோதுகூட உள்ளேதான் இருந்தார். இது அகப்பட்டால் மறுபடியும் போக வேண்டியதுதான்.

எடுத்த காகிதம் ஒவ்வொன்றும் இன்னது என்று மகஜரில் எழுதி, தெருக்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். எதிர்வீட்டுத் தோல்மண்டி பாயும் வெல்லக்கடைக்காரரும் வந்து நின்றார்கள்.

"ஆவாரம்பட்டைன்னு ஒரு வார்த்தைதான் தெரியுது. மிச்சம் இன்னா எழுதியிருக்கு?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

என் கணவர் கையை நீட்டினார்.

"நீங்க வாணாம். மாத்திப் படிப்பீங்க. அம்மா படிக்கட்டும். ஸ்கூல்ல படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டாங்க."

அவர் கட்டுரைகளுக்கெல்லாம் நல்ல பிரதி எடுப்பவள் நான்தான். ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் புரிந்தது. இடுப்பில் ஐந்து மாத மகள். மறைக்க முடியாத சொல் ஆவாரம்பட்டை ஒன்றுதான். அதிலிருந்தே தொடங்கினேன்.

"கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், ஆவாரம்பட்டையைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, மூன்று பாலாடை புகட்ட..."

சப் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எங்க வீட்லயும் மூணு நாளா இதே பேஜார்தாம்மா. நாலு மாசக் கொழந்தை. மெதுவா படிங்க." கான்ஸ்டபிளைப் பார்த்து, "தனியா ஒரு காப்பி எழுதுய்யா," என்றார்.

"பச்சக் கொழந்தைக்கு மூணு ஜாஸ்தி இல்லியா தங்கச்சி?" என்றார் பாய். "அந்தப் பட்டைத் தண்ணியிலதான் நாங்க எருமத் தோலையே பதம் பண்றோம்."

"ரெண்டு," என்றேன், காகிதத்தை உற்றுப் பார்த்தபடி.

"நாளைக்கா, வேளைக்கா?" என்று கேட்டான் கான்ஸ்டபிள்.

"வேளைக்கு," என்று வாய் சொல்லிவிட்டது. நாளைக்கு என்று சொல்லியிருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது.

மகஜரில் 'கைக்குழந்தைக் கஷாயக் குறிப்பு ஒன்று' என்று எழுதினார்கள். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"மூணாவது பாராவையாவது அப்படியே படிச்சிருக்கலாம்," என்றார் என் கணவர், மத்தியானம் சாப்பிடும்போது. "அந்த ஆள் மனசே மாறியிருக்கும்."

"ஏங்க, அந்தக் கொழந்தைக்கு எதுனா ஆயிட்டா?"

"பட்டை விஷம் இல்லியே."

"மருந்தும் இல்லியே. தோலை இறுக்குறது கொழந்தை வயித்த இன்னா பண்ணும்?"

அவர் பெட்டியைத் திறந்து, இரண்டு வேட்டியையும் பல்பொடியையும் ஒரு பையில் வைத்தார்.

"போய்ச் சொல்லிட்டு வா," என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். செய்வது சரியா என்று வழியில் இரண்டு முறை நின்றேன்.

"ஒரு பாலாடை ஊத்தினாங்க, துப்பிடுச்சு," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "அடுத்தது காய்ச்சிட்டிருக்காங்க."

"கொடுக்காதீங்க. அது அந்தக் காகிதத்துல இல்ல. நானா சொன்னது."

"அப்ப அதுல இன்னா இருந்துது?"

"ஓட்டு."

அவர் மேஜையைப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்தார். "மகஜர் மேல போயிடுச்சும்மா. ரெண்டு பெரிய மனுஷங்க சாட்சி போட்டுட்டாங்க, நானும் போட்டுட்டேன். அது ஓட்டுன்னு இப்ப எழுதினா, எங்க வீட்ல காய்ச்சினதையும் சேர்த்து எழுதணும். இனிமே அது கஷாயம்தான்." குரல் தாழ்ந்தது. "கொழந்தைக்கு இன்னாதான் கொடுக்கறது?"

"தாய்ப்பால நிறுத்தாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

தொப்பியைக்கூட எடுக்காமல் சைக்கிளில் ஏறிப் போனார். கான்ஸ்டபிள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "இதையும் எழுதிக்கவாம்மா?" என்றான்.

"எழுதிக்கோங்க," என்றேன். அவன் எழுதி முடித்ததும் வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.