ஆடும் முன்சக்கரம்

மே பதினெட்டு, ஞாயிறு, காலை பத்து நாற்பது. வெயில் முப்பத்தெட்டு டிகிரி, காற்று கிடையாது. வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையோரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், கையில் இஞ்ச் டேப்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே நான்கு சக்கரப் பலகைகள். சர்ஃப்ஸ்கேட் என்று பெயராம்.

என் பேத்திக்குப் பதினான்கு வயது. ஏழு மாதமாக ஞாயிறுதோறும் கொரட்டூரிலிருந்து கோவளத்துக்குப் போய், அலைமேல் பலகையில் நிற்கக் கற்றுக்கொள்கிறாள். அன்று கடல் சரியில்லை என்று வகுப்பு இல்லை. முன்பு ஒருமுறை நானும் கூடப் போய்க் கரையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் இருந்தாள். அதில் பலகைமேல் நின்றது நாற்பத்தொரு விநாடி. மீதி நேரமெல்லாம் நீந்துவதும் விழுவதும் உப்புத் தண்ணீர் குடிப்பதும்தான். ஆறு நாளும் தரையிலேயே அந்த அசைவைப் பழகினால் ஏழாவது நாள் கடலில் கூடுதலாக நிற்கலாம், அதற்குத்தான் இந்தப் பலகை என்றாள். எனக்கு நியாயமாகப் பட்டது.

முதல் பலகை குட்டை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் அவள் தோள் அகலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் நெருங்கிப்போய் நிற்க வராது. கடையில் எல்லோரும் பார்க்க அவள் தோளை அளந்தேன். "மானத்தை வாங்காத தாத்தா" என்று பல்லைக் கடித்தாள். இரண்டாவதன் சக்கரம் கல் மாதிரி. எங்கள் தெருவில் மூலைக்கடையிலிருந்து வீடு வரை பதினேழு பள்ளம், நகம் பதிகிற மாதிரி மெத்தென்ற சக்கரம்தான் தாங்கும். மூன்றாவதும் நான்காவதும் நீளம், சக்கரம், விலை எல்லாவற்றிலும் ஒன்று. ஆனால் மூன்றாவதன் முன்சக்கரம் கொஞ்சம் அசைந்தது, நான்காவதன் முன்சக்கரமோ அசைந்த பக்கமெல்லாம் சாய்ந்து, திரும்பி, ஆடியது.

"இது லூஸா இருக்குப்பா. ஒரு ஸ்பேனர் கொண்டா" என்றேன் கடைப் பையனிடம்.

பேத்தி பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ தாத்தா, ஆடணும்! அது ஆடினாத்தான் காலைக் கீழ வெக்காம போக முடியும். கடல்ல எந்தத் தரையை உதைச்சுக்கினு போவாங்க?"

சொல்லிவிட்டு ஏறி நின்றாள். முழங்காலை மடித்து, தோளைத் திருப்பி, இடுப்பை ஒரு பக்கம் வீசினாள். தரையை ஒருமுறைகூட உதைக்கவில்லை. பலகை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து பதினான்கு டைல்ஸ் தாண்டிப் போய், திரும்பியும் வந்தது. கடையே நின்று பார்த்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு முன்னால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் புதிதாகப் போட்டிருந்த சிமென்ட் ரோட்டில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அக்கா இப்படியேதான் வந்தாள்.

அப்போது எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அதற்கு முந்தைய காணும் பொங்கலன்று வீட்டோடு மெரினாவுக்குப் போயிருந்தோம். மீனவப் பையன்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு பலகையோடு உள்ளே நீந்திப் போய், அலை வரும்போது எழுந்து நின்று கரைவரை வந்தார்கள். எல்லோரும் சுண்டல் சாப்பிட்டார்கள். அக்கா சாப்பிடவில்லை. நேரே தண்ணீருக்குப் போய் ஒரு பையனிடம் பலகையைக் கேட்டாள்.

"நிக்கத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

"தெரிஞ்சிக்கினு வா, தரேன்."

"அடுத்த வருசம் இதே நாள் வரேன். இங்கியே இரு" என்றாள் அக்கா.

கொரட்டூரில் ஏரி உண்டு, அலை ஏது? அக்கா ஒரு வாரம் யோசித்தாள். தாய்மாமா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். அவரிடம் கழித்துப்போட்ட பேரிங் நான்கு வாங்கினாள். தெருப் பையன்கள் உட்கார்ந்து ஓட்டும் பேரிங் வண்டிதான், ஆனால் அக்கா நின்று ஓட்டினாள். பேரிங்குகளை அவள் தேர்ந்தெடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கோணி நிறைய இருந்ததில் முப்பத்தொன்றைக் காதோரம் வைத்துச் சுழற்றிப் பார்த்துத்தான் அந்த நான்கை எடுத்தாள். முன் பேரிங் இரண்டையும் மாட்டிய கட்டையை நடுவில் ஒரே ஒரு போல்ட் போட்டுப் பலகையோடு பிணைத்தார் மாமா.

பதினோரு மாதம் விழுந்தாள். பிறகு ஒரு நாள் விழவில்லை. சிமென்ட் ரோட்டில், இறக்கமே இல்லாத இடத்தில், உதைக்காமல் இடுப்பை வீசியே போனாள். தெருப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். நானும் ஏறிப் பார்த்தேன், நின்ற இடத்திலேயே நின்றது.

அப்பா, பெண் பிள்ளை கடலில் இறங்குவதாவது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அப்பா மறுத்ததை மாற்றக்கூடிய ஒரே ஆள் மாமாதான், அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் அக்காவிடம் ஒரு பந்தயம் வைத்தார்.

"இத பாரு கண்ணு. மதகாண்ட ஆரம்பிச்சி வேப்பமரம் வரைக்கும் கால் கீழ படாம வந்துடு. காணும் பொங்கலுக்கு நானே இட்டுகினு போய்ப் பலகைல ஏத்தி உடறேன். உங்கப்பன் இன்னா சொல்றான்னு நான் பாத்துக்கறேன்."

ஏரி மதகிலிருந்து வேப்பமரம் இருநூற்றுப் பன்னிரண்டு அடி, என் காலடிக் கணக்கு. நடுவில் ஒரு வளைவு. அக்கா அதை ஒரே நாளில் ஒன்பது முறை சுலபமாகக் கடந்ததை நான் எண்ணியிருக்கிறேன்.

போகிக்கு முந்தின ஞாயிறு, காலையில் பந்தயம். அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் பலகையைத் தலைகீழாகப் போட்டுச் சோதித்தேன். அன்றும் எனக்கு எல்லாவற்றையும் சரிபார்த்தாக வேண்டும். முன்கட்டை லொடலொடவென்று ஆடியது. நட்டு தளர்ந்து, போல்ட்டின் மரை வெளியே தெரிந்தது. பாதி வழியில் கட்டை தனியாகக் கழன்று போனால் அக்கா கதி என்ன? மாமாவின் ஸ்பேனரை எடுத்து, இரண்டு கையாலும் தொங்கி, மூன்றரைச் சுற்று முறுக்கினேன். கட்டை கல்லாக நின்றது. கடைசி நேரத்தில் அக்காவைக் காப்பாற்றிய பெருமை எனக்கு. பந்தயம் முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

தெருவே வந்து இரு பக்கமும் நின்றது. மாமா விசில் ஊதினார். அக்கா மதகு இறக்கத்தில் சர்ரென்று இறங்கினாள். பேரிங் சத்தம் சிமென்ட்டில் கிர்ரென்று ஏறியது. நான் பக்கத்தில் எண்ணிக்கொண்டே ஓடினேன். ஐம்பது, எண்பது, நூறு! "உடாத கண்ணு! உடாத!" என்று மாமா கத்தினார். நூற்று இருபதில் வளைவு. அக்கா உடம்பை உள்பக்கம் சாய்த்தாள். பலகை சாயவில்லை. நேரே போய்ப் பள்ளத்தில் இறங்கியது.

முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. அக்கா அதைப் பார்க்கவில்லை. பலகையைப் புரட்டி முன்கட்டையை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. பிறகு நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் கிரீஸ்.

"இன்னா ஆச்சி கண்ணு? நல்லாத்தான வந்துகினு இருந்த?" என்றார் மாமா.

"கல்லு தட்டிச்சி மாமா" என்றாள்.

"சரி உடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் அக்கா தாவணியில் இருந்தாள். பள்ளிக்கூடமே நின்றுவிட்டது, கடலைப் பற்றி யார் பேசுவார்கள்? விழுந்த அன்று சாயந்திரம் நான் அந்த ரோட்டுக்குப் போய் மதகிலிருந்து வேப்பமரம் வரை கல் எண்ணினேன். மொத்தம் பத்தொன்பது. வளைவில் ஒன்றுகூட இல்லை. அக்காவுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைப் பையன் ஸ்பேனரோடு வந்து நின்றான். "வேணாம்பா. நாலாவதே போதும்" என்றேன். பேத்தி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழி கிழக்கே. நான் ஆட்டோவை மேற்கே விடச் சொன்னேன். அக்கா குமணன்சாவடியில் இருக்கிறாள், எழுபத்து மூன்று வயது. எதற்கு வந்தோம் என்று நான் சொல்லவில்லை. பேத்தி பலகையைக் கூடத்தில் வைத்தாள். அக்கா சுற்றி வந்து பார்த்தாள். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலை அதன்மேல் வைத்து, மெல்ல அழுத்தி இடமும் வலமும் சாய்த்தாள். முன்சக்கரம் அவள் காலோடு திரும்பியது. முகம் சிவந்துபோய்ச் சிரித்தாள்.

"சூப்பரா ஆடுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், நட்டு கிட்டு எதுனா திருவினியா நீ?"

"இல்லக்கா. தொடவே இல்ல" என்றேன்.

பலகை பதினோராயிரத்துத் தொள்ளாயிரம், முழங்கால் முழங்கை உறைகள் ஆயிரத்து நானூற்று ஐம்பது, ஆட்டோ முந்நூற்று அறுபது. ஆக மொத்தம் பதின்மூன்றாயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய். மூன்றரைச் சுற்று தனி.