ஓடைக்கரையில் கரண்டுக் கம்பி

எங்கள் புஞ்சை திருச்சுழிக்கு மேற்கே, இரண்டு கண்மாய்களை இணைக்கிற ஓடையை ஒட்டிக் கிடக்கிறது. கிழக்கே இருந்த கரிசல் நிலங்கள் சோலார் கம்பெனிக்குப் போய், ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி எழும்பிவிட்டது. அதன்பிறகு மானும் காட்டுப்பன்றியும் தண்ணீருக்குப் போக எங்கள் ஓடைக்கரையை விட்டால் வேறு வழியில்லை. என் வீட்டுக்காரர் கரையோரமாக ஒரு துண்டு நிலத்தை உழாமலே விட்டார்.

"அதுகளும் எங்கிட்டுத்தான் போகும்?" என்பார்.

எனக்கு அதில் பெரிய சம்மதம் இல்லை. அந்த வழியாக வந்த பன்றிகள் பக்கத்து நிலத்து அண்ணனின் மக்காச்சோளத்தை உழப்பிவிட்டுப் போயின. அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. என்னைப் பிரசவத்துக்கு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனது அவருடைய ஆட்டோதான். ஆனால் அந்த வருசம் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, கண்மாய்க்குத் தண்ணீர் வரத்து எப்படி என்று பார்க்கப் போன என் வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரமாகியும் திரும்பவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. நான் ஓடைக்குள் இறங்கித் தேடிப் போனேன். கணுக்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வளைவு திரும்பியதும் முன்னால் ஏதோ மின்னியது. சிலந்தி நூல் என்றுதான் முதலில் நினைத்தேன். குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய கம்பி. ஒரு குச்சி மழையில் சாய்ந்து, கம்பி தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தொங்கியது. அதற்கு அந்தப்பக்கம், கோரைப்புல்லுக்குள் செம்பழுப்பாக ஏதோ கிடந்தது.

அவர் காலையில் போட்டுப் போனதும் அந்த நிறச் சட்டைதான்.

ஓடவேண்டும் போலிருந்தது. கால் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதும் தெரிந்தது. முன்னால் வைத்தாலும் சாவு, பின்னால் வைத்தாலும் சாவு என்று உடம்பு அப்படியே விறைத்துப்போனது. கம்பி அண்ணனின் மோட்டார் ரூம் பக்கமிருந்துதான் வந்தது. அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"மதினி, கம்பியில கரண்டு ஓடுதா?"

"கம்பியா?" என்று இழுத்தார்.

"மதினி, நான் ஓடைக்குள்ள நிக்கேன். அவுக அங்கிட்டுக் கெடக்காக. பீஸப் புடுங்குங்க!"

"ஆத்தாடி! அசையாத, அப்படியே நில்லு!"

மதினி மோட்டார் ரூமுக்கு ஓடுகிற மூச்சு போனில் கேட்டது. "புடுங்கிட்டேன், புடுங்கிட்டேன்" என்று அழுதார். அதற்குப் பிறகும் என்னால் காலை எடுக்க முடியவில்லை. அண்ணன் வரப்பு வழியாக ஓடி வந்து, காய்ந்த கம்பால் கம்பியை அடித்துக் கீழே தள்ளியபிறகுதான் தாண்டிப் போனேன்.

புல்லுக்குள் கிடந்தது ஒரு பெண் புள்ளிமான். வாயில் இன்னும் நுரை காயவில்லை. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் முழங்கால் வரை சேறோடு கண்மாய்ப் பக்கமிருந்து நடந்து வந்தார். கரை உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தாராம். போன் வண்டியிலேயே இருந்திருக்கிறது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி அழுதேன்.

அண்ணன் தலையில் கைவைத்து நின்றார். "பன்னிக்கித்தான் வச்சேன் தாயி. சோலார்க்காரன் கேட்டப்பவே உன் வீட்டுக்காரன் இந்தக் கரையயும் குடுத்திருந்தா ஒண்ணுமே வந்திருக்காது."

"குடுத்திருந்தா அதுக உங்க வெள்ளாமைக் காட்டுக்கு நடுவுலதான் போகும்ணே" என்றார் இவர். "பாரஸ்ட் ஆபீசுக்கு நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கேன்."

மதினி என் கையைப் பிடித்துக் கெஞ்சினார், "சொல்ல வேணாம்னு சொல்லு, செயில்ல போட்டுருவாக." எனக்கும் அந்தப் பயம் வந்தது. என்றாலும் நான் இவரைத் தடுக்கவில்லை. இன்னொரு நாள் அந்த ஓடைக்குள் யாராவது இறங்குவார்களே என்பதுதான் மனதில் ஓடியது. கடைசியில் அண்ணனே போன் செய்தார். அதிகாரிகள் வந்தார்கள், வழக்கு ஆனது. கோர்ட்டுக்குப் போகும்போதெல்லாம் இவரும் கூடப் போனார்.

அடுத்த வெள்ளாமைக்கு அண்ணன் ஓடையை ஒட்டி மக்காச்சோளம் போடவில்லை, பன்றி தொடாத பருத்தி போட்டார். தன் பக்கமும் கரையோரம் கொஞ்சம் உழாமல் விட்டார். இந்த வருசம் கண்மாயில் நாரைகள் வந்து இறங்கியிருக்கின்றன.

போன வாரம் சோலார் கம்பெனிக்கு நிலம் கேட்டுத் தரகர் வெள்ளைக் காரில் வந்தார். எங்கள் வீட்டில் முடியாது என்றதும், நேரே அண்ணன் வீட்டு வாசலில் போய் நிறுத்தினார். வெகுநேரம் அந்தக் கார் அங்கேயே நின்றது. நான் அடுப்படி சன்னலை விட்டு நகரவில்லை. கார் போனதும் மதினி வெளியே வந்து, "இப்பத்திக்கு இல்லன்னுட்டாரு" என்றார்.

இப்பத்திக்கு என்றுதான் சொன்னார்.