நாற்பது லோடு குச்சி

அந்த வருஷம் பேப்பரில் தினமும் ஒரே பேச்சு. பக்கத்து நாட்டில் ஏவுகணைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன என்பார் ஒருவர். அதெல்லாம் வெறும் புரளி என்பார் இன்னொருவர். எங்கள் முதலாளி அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பட்டாசுக் கம்பெனிக்குள் வருவார். வந்ததும், எங்களுக்குப் போட்டியாக ராக்கெட் வெடி போடும் பக்கத்து ஊர் விஸ்வநத்தத்துக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரிப்பார்.

கணக்கப்பிள்ளை டீக்கடையில் கேட்டு வந்து சொன்னார்: "நாப்பது லோடு குச்சி எறங்கியிருக்கு மொதலாளி." ராக்கெட்டுக்கு வாலாகக் கட்டுகிற குச்சி. போர்மேன் ஒப்பவில்லை. "அவுகளுக்கு இருக்கதே ரெண்டு செட்டு. அம்புட்டையும் எங்கன வப்பாக?" செட்டு என்றால் வேலை நடக்கும் கொட்டகை.

இரண்டு பேரும் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். முதலாளி பெரிய கணக்கைத்தான் நம்பினார். "சந்தை பூரா அவுக ராக்கெட்டாத்தான் கெடக்கும். இந்த சீசன் நமக்கு வேண்டாம், ராக்கெட் செட்ட மூடுங்க" என்றுவிட்டார்.

அந்தச் செட்டில் குச்சி கட்டும் பன்னிரண்டு பெண்களில் நானும் ஒருத்தி. வேறு செட்டில் இடமில்லை. தீபாவளி வரை வீட்டில்தான்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் குச்சி வியாபாரியிடம் வண்டி ஓட்டுகிறவர். சாவகாசமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த நாப்பது லோடும் நாந்தானே எறக்குனேன்" என்றார்.

"லாரியிலயா?"

"எனக்கு யாரு லாரி குடுத்தா? குட்டியானைலதான்."

குட்டியானை என்றால் சின்ன வண்டி. லோடு என்றதும் எல்லாரும் லாரி லோடு என்றல்லவா நினைத்தோம்! இதில் நாற்பது நடை அடித்தாலும் நாலைந்து லாரிக்கு மேல் தேறாது.

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"யாரும் கேக்கலியே."

நல்ல மனுஷன், போங்கள். மறுநாள் காலையில் முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னேன். கணக்கப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அன்றே செட்டைத் திறந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விஸ்வநத்தத்திலிருந்து ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நல்ல வாயாடி, எனக்குத் தோதான ஆள். முதலாளி அவளிடம், "அங்கன எம்புட்டு ராக்கெட்டும்மா போடுதாக?" என்றார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. செட்ட மூடிட்டாக. உங்ககிட்ட அம்பது லோடு குச்சி எறங்கியிருக்காம்ல."

அதையும் இறக்கியது என் வீட்டுக்காரர்தான். அதே குட்டியானையில்.

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒன் வீட்டுக்காரன்ட்ட சொல்லி வையி. அங்கன யாரும் கேட்டா லாரின்னு சொல்லட்டும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் குனிந்து குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்த்த மற்றப் பெண்கள் அங்கே வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "நாளைக்கு விஸ்வநத்தம் போனா, யாரும் கேக்காட்டாலும் குட்டியானைன்னு சொல்லிருங்க."

அந்த வாரக் கடைசியில் அங்கேயும் செட்டைத் திறந்தார்கள், அவள் தன் செட்டுக்கே திரும்பிப் போனாள். பேச்சுத்துணை போய்விட்டது. ஆனாலும் எனக்கு அம்புட்டுச் சந்தோஷம்.